பத்துச் சொட்டு நொச்சி

என் மண்டையின் வலது பக்கம், காதுக்கு நாலு விரல் மேலே, இரண்டு சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன. முடி முளைத்துவிட்டதால் கண்ணுக்குத் தெரியாது. விரல் வைத்தால் தெரியும். வீட்டுக்கு விருந்தாளியாக வருகிற ஒறம்பரைகள் காபியைக் குடித்து முடித்ததும் மெல்ல ஆரம்பிக்கிறார்கள்: “கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டுங்களா?” நானும் குனிந்து காட்டுகிறேன். தொட்டுவிட்டு, “அட சாமி!” என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கதையை முதலிலிருந்து கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இனி வருகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும். காபி வழக்கம்போல உண்டு.

என் பெயர் பழனிச்சாமி. வயது அறுபத்தொன்று. திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை நீளமான மேஜையில் நூறு அடுக்கு விரித்து, மேலே அளவு வரைந்த தாளை ஒட்டி, கத்தி வைத்த மிஷினை ஓட்டி வெட்டுவது என் வேலை. வலது கை மிஷினைத் தள்ளும். இடது கை கத்திக்கு முன்னால் துணியை அமுக்கிக்கொண்டே போகும். விரல் போய்விடக்கூடாது என்று இடது கைக்கு இரும்பு வளையத்தில் பின்னிய கையுறை மாட்டிக்கொள்வோம். வெளியாட்கள் எல்லாரும் வலது கைதான் வேலை செய்வதாக நினைப்பார்கள். அமுக்குகிற கை அரை நூல் பிசகினால் நூறு சட்டையும் கோணல் என்பது வெட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மழையில் நனைந்து எனக்குச் சளி பிடித்தது. என் வீட்டுக்காரி சரசுவுக்கு எந்த நோய்க்கும் முதல் மருந்து நொச்சி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி சைட்டின் வேலியில் அது காடாக மண்டிக்கிடக்கிறது. ஒரு கை தழையை ஒடித்து வந்து கொதிக்கவிட்டு, சமையலறையில் ஸ்டூலில் என்னை உட்கார வைத்தாள். ஆவி பிடிக்க எல்லாரும் போர்வை போர்த்துவார்கள். நான் கட்டிங் மாஸ்டர் அல்லவா! எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பிளீஸ் துணி, நல்ல கனம், இரண்டு மீட்டர் வீட்டில் இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டேன். ஒரு இணுக்கு ஆவி வெளியே போகவில்லை. வெளியே நடப்பதும் எனக்குத் தெரியவில்லை.

“ஏனுங்க, பால் பொங்குது, அடுப்ப அணையுங்க!” என்று பின்கட்டிலிருந்து சரசு கத்தினாள். துணியோடு அப்படியே எழுந்தேன். தலைக்கு மேலே சிமெண்ட் சிலாப்பு இருந்ததை மறந்துவிட்டேன். ‘ணங்’ என்று ஒரு சத்தம். பிளீஸின் புண்ணியத்தில் ரத்தம் வரவில்லை, வீக்கம்கூட இல்லை. பாலும் பொங்கிப் போயிற்று. என் மகள் கவிதா ஓடி வந்து, துணிக்குள்ளிருந்து நான் தலையை நீட்டியதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சளி இரண்டு நாளில் போய்விட்டது. அடிபட்டதை மறந்தே போனேன்.

ஒரு மாதம் கழித்துத் தலைவலி வந்தது. காலையில் எழும்போதே கூடவே எழுந்திருக்கும். மதியம் கொஞ்சம் அடங்கும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கூட. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை. சைனஸ் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சரசு நொச்சியை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். தழையைக் காயவைத்து, பனியன் வெட்டுத்துணியோடு சேர்த்துத் தலையணையில் திணித்தாள். வாசம் கமகமவென்று இருந்தது. வலி அதன்பாட்டுக்கு இருந்தது.

கூடவே இடது கை கனத்தது. இங்கேதான் என் புத்திசாலித்தனத்தைச் சொல்ல வேண்டும். கை கனக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரும்புக் கையுறை கனக்கிறது என்று நினைத்தேன். ஓனரிடம் போய், “இந்தக் கிளவுஸ் கல்லாட்டம் இருக்குதுங்க, வேற வாங்குங்க” என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் புதுசு வாங்கிக் கொடுத்தார். அதுவும் கனத்தது. கையுறை விற்ற கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனையும் திட்டினேன். தைக்கிற பெண்கள் வந்து, “மாஸ்டர், ஒரு பக்கம் கோணுதுங்க” என்றபோது துணியைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் தெருக்கோணல் என்ற கதைதான்.

கடைசியில் சரசு என்னை எங்கள் வீதி முனையில் இருக்கும் ஹோமியோபதி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அவள் உடுத்தியிருந்தது கவிதா எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் புதுச்சேலை. டாக்டருக்குப் போய்விட்டு அப்படியே ஒரு வளைகாப்புக்குப் போவதாகத் திட்டம்.

ஹோமியோபதியில் கேள்வி அதிகம். வலி எந்தப் பக்கம், குனிந்தால் கூடுமா, இனிப்புப் பிடிக்குமா, உப்புப் பிடிக்குமா, கனவு வருமா. “கனவுல ஷிப்மெண்ட் வருமுங்க” என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார்.

“இது நொச்சிதானுங்க. இலைய ஸ்பிரிட்டுல ஊற வெச்சு எடுத்த சாறு. மதர் டிங்சர்னு சொல்லுவோம்.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏனுங்கம்மா, எங்கூட்டுக்குப் பின்னால வேலியில கெடக்கறத பாட்டில்ல ஊத்திக் குடுக்கறீங்க!”

“சும்மாருங்க” என்று சரசு என் தொடையில் கிள்ளினாள்.

“அரை கிளாஸ் தண்ணியில பத்துச் சொட்டு. சில பேரு பத்துன்னா இருவது உட்டுருவாங்க. அதனால எப்பிடி விடறீங்கன்னு எனக்கு ஒருக்கா காட்டிட்டுப் போங்க.” இது அவர் வழக்கமாம். வருகிறவர்கள் எல்லாரும் அவர் முன்னால் சொட்டு எண்ணிக் காட்ட வேண்டும்.

இடது கையில் தண்ணீர்க் கிளாஸ், வலது கையில் சொட்டுக்குழாய். அரை நூல் பிசகாமல் வெட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்ற தெனாவெட்டில் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. என் கண் சொட்டிலேயே இருந்தது. ஏழு என்றபோது, “அய்யோ, சேல!” என்று சரசு துள்ளி எழுந்தாள். கிளாஸ் சாய்ந்து தண்ணீர் முழுவதும் அவள் மடியில் கொட்டியிருந்தது. கிளாஸ் சாய்ந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. என் கை இன்னும் நேராக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கிளாஸை வாங்கி மேஜையில் வைத்தார். “ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். கண்ண மூடிக்குங்க.” மூடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கச் சொன்னார். வலது கை வைத்த இடத்தில் இருந்தது. இடது கை ஒரு சாண் கீழே இறங்கி, உள்ளங்கை உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரோ இன்னொருத்தர் கை மாதிரி இருந்தது.

“எத்தன நாளா கனக்குது?”

“கிளவுஸுதானுங்க கனம்” என்றேன்.

அவர் பாட்டிலை மூடி அலமாரியில் திரும்ப வைத்துவிட்டார். “இது நொச்சிக்கு அடங்கற தலைவலி இல்லீங்க. தலைக்குள்ள என்னமோ இருக்குது. நான் மருந்து குடுத்தா தப்பு. இன்னைக்கே கோயம்புத்தூர் போயி ஸ்கேன் எடுங்க.”

“நாளைக்குக் கட்டிங் இருக்குதுங்களே.”

“மாஸ்டர், இன்னைக்கே.”

ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, வேண்டாமுங்க, முதலில் கிளம்புங்க என்றார். திருப்பூரில் ஒருவர் காசு வேண்டாம் என்று சொன்னபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வளைகாப்புக்குப் போகவிருந்தவள் ஈரச்சேலையோடு காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவிநாசி தாண்டும் வரை என் இடது கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். சேலையை நனைத்ததற்குத் திட்டவே இல்லை. அது அதைவிடப் பயம்.

ஸ்கேன் ஐந்து நிமிஷ வேலை. அதற்கு முன்னும் பின்னும் காத்திருப்பதுதான் நோய். வெளியே வரிசையாக நீல நாற்காலிகள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைவிட நோயாளியாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கு நான் அப்படித் தெரிந்திருப்பேன்.

மூளை சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் வலது பக்கம் பிறை மாதிரி ஒரு சாம்பல் பட்டை. அதன் பெயர் சப்டியூரல் ஹெமடோமா. அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்: மூளையைச் சுற்றி உறை இருக்கிறது. லேசாக அடிபட்டாலும் உறைக்கு அடியில் ஒரு சின்ன ரத்தக் குழாய் கசியலாம். கசிவு சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் பெருத்து, மூளையை அமுக்கும். வலது பக்கம் அமுக்கினால் இடது கை தளரும். நான் இருதயத்துக்காக நாலு வருஷமாக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் கசிவு நிற்கவில்லை. மண்டை ஓட்டில் இரண்டு துளை போட்டு அதை வடிக்க வேண்டும் என்றார்.

“ரெண்டு மூணு மாசத்துல தலையில அடிபட்டுச்சுங்களா?”

“இல்லவே இல்லீங்க” என்று அடித்துச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “பால் பொங்குதுன்னு நாந்தானுங்க டாக்டர் கத்துனேன். சிலாப்புல இடிச்சாரு. நாந்தானுங்க.” கலியாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் நான் செய்த தப்பையெல்லாம் அவள் தலையில் போட்டிருக்கிறேன். இது ஒன்றை மட்டும் அவளாகவே தூக்கிப் போட்டுக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. “அட, நீ கூப்புடலீன்னா அந்த பிளீஸுக்குள்ள வெந்தே போயிருப்பேன்” என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். சர்ஜனும் சிரித்துவிட்டார்.

பிறகு நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “உசுரு இருக்கட்டுங்க. கை வருமுங்களா?”

“பெரும்பாலும் வந்துரும். முழுசா வருமான்னு ஆபரேஷன் முடிஞ்ச பின்னாலதான் சொல்ல முடியும்.”

அந்தப் ‘பெரும்பாலும்’ என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று நாள் படுத்திருந்தேன். மாத்திரையின் வீரியம் இறங்கினால்தான் கத்தி வைக்க முடியுமாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நர்ஸ் வந்து கண்ணில் டார்ச் அடித்து, பேர் என்ன, இது எந்த ஊர், கையைத் தூக்குங்கள் என்பார். கையைத் தூக்கச் சொல்லும்போதெல்லாம் இடது கை எங்கே நிற்கிறது என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்வேன். மேஜையும் மிஷினும் இல்லாத என்னை எனக்கே யாரென்று தெரியாது. வாட்ச்மேன் வேலைக்குப் போகலாமா, அதற்கு எந்தக் கை வேண்டும் என்றெல்லாம் யோசித்தேன்.

பக்கத்துப் படுக்கையில் அந்தோணி இருந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். திருப்பூரில் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி மல்லாந்து கிடந்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்க முடியாமல் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தே சிநேகமானோம்.

“அண்ணாச்சி, நான் பின்னுத துணியத்தான நீங்க வெட்டுதீய?”

“ஆமாங்க. ஓட்ட ஓட்டயா வருது.”

“ஓட்டைய பத்தி நீரு பேசாதேயும். இன்னும் ரெண்டு நாளுல ஒம்ம தலையில போடப் போறான்” என்றார். வயிறு குலுங்கச் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு முதுகு வலிக்கும், எனக்குத் தலை வலிக்கும். ஆனாலும் விடவில்லை. ராத்திரி எனக்காக மாதாவிடம் ஒரு ஜெபம் சொன்னார். இடது கை என்று குறிப்பாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

சரசு ஒரு காரியம் செய்தாள். நொச்சித் தலையணையைத் துணிப்பைக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிட்டாள். நர்ஸ் பிடித்துவிட்டார். “இதெல்லாம் இங்க கூடாதும்மா.” சரசு விடவில்லை. “மருந்து இல்லீங்க கண்ணு, வாசந்தான். மோந்து பாருங்க.” நர்ஸ் மோந்து பார்த்தார். இன்னொருதரம் மோந்து பார்த்தார். ஆபரேஷன் முடியும்வரை தலைக்கு வைக்கக் கூடாது, காலடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். மறுநாள் அந்தோணி தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அதற்கடுத்த நாள் நர்ஸே, “எங்கம்மாவுக்கு ஒண்ணு கெடைக்குமா?” என்று கேட்டார். என் கம்பெனியிலிருந்து கவிதா வெட்டுத்துணி கொண்டுவர, சரசு வராந்தாவில் உட்கார்ந்து தலையணை தைத்தாள். அந்த வராந்தாவில் டெட்டால் வாசமே இல்லாமல் போயிற்று.

ஓனரும் பார்க்க வந்தார். ஆப்பிளோடு ஒரு பையைக் கொண்டுவந்து படுக்கையில் வைத்தார். உள்ளே இரண்டு இரும்புக் கையுறைகள், பழசும் புதுசும். “தராசுல போட்டுப் பாத்தனுங்க மாஸ்டர். ரெண்டும் ஒரே எடைங்க” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தோணி மின்விசிறியைப் பார்த்தபடியே, “பாவம், அந்தக் கடக்காரன்” என்றார்.

ஆபரேஷன் அன்று தலையை மழித்தார்கள். சரசு வீட்டிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை நெற்றியில் வைக்க விடவில்லை. என் கால் கட்டைவிரலில் வைத்துவிட்டாள். கவிதா என் இடது கையைப் பிடித்துக்கொண்டே தியேட்டர் கதவுவரை வந்தாள். “பயப்படாதீங்கப்பா.” “எனக்கென்ன சாமி பயம்” என்றேன். பொய்.

விழித்தபோது முதலில் கவனித்தது சத்தமின்மை. தலைக்குள் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த மிஷின் நின்றுவிட்டிருந்தது. வலி இல்லை! அட, உலகம் இவ்வளவு நிம்மதியாகவா இருந்தது? மண்டையிலிருந்து ஒரு குழாய் இறங்கிப் பைக்குள் போயிருந்தது. பையில் எஞ்சின் ஆயில் மாதிரிக் கறுத்த பழைய ரத்தம். இரண்டு நாள் தலையைத் தூக்காமல் படுக்க வேண்டும் என்றார்கள். தலையில் வெள்ளைக் கட்டு. அதைப் பார்த்து அந்தோணி, “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்லுவாவ. இங்க தலைப்பாகை இப்பத்தான் வந்திருக்கு” என்றார்.

இடது கை? விரல்கள் அசைந்தன. ஆனால் சர்ஜனின் இரண்டு விரலைப் பிடிக்கச் சொன்னபோது பிடி பாதிதான் இருந்தது. “வரும், வரும்” என்றார். பிசியோதெரபிப் பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். எனக்கு அதில் மனசு போகவில்லை. அதைக் கவிதா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுநாள் பனியன் துணியில் ஐம்பது துண்டு வெட்டி அடுக்கிக் கொண்டுவந்தாள். “அப்பா, எடது கையில ஒவ்வொண்ணாப் பிரிங்க. ரெண்டு சேந்து வரக்கூடாது.” முதல் நாள் ஐந்தாறு துண்டு ஒட்டி ஒட்டியே வந்தன. கோபத்தில் கட்டைத் தூக்கி எறிந்தேன். அவள் பொறுக்கி அடுக்கி மறுபடி கையில் வைத்தாள். நாலாம் நாள் இரண்டிரண்டாக வந்தன. டிஸ்சார்ஜ் ஆகிற அன்று காலையில் ஐம்பதும் தனித்தனியாக வந்தன. அந்தோணி அதற்குள் உட்கார ஆரம்பித்திருந்தார். திரும்பிப் பார்த்துக் கை தட்டினார். பதினோரு நாள் பக்கத்தில் படுத்திருந்தும் அவர் முகத்தை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட மீசை பெரிசு. பில் எவ்வளவு ஆயிற்று என்று சரசு இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன். பிறை இல்லை. சர்ஜன், “மெதுவா வேலைக்குப் போலாம்” என்றார். எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. சரசு மட்டும் மசியவில்லை.

“படத்துல சரியாருந்தா ஆச்சுங்களா? கத்தி படத்துலயா ஓடுது? டாக்டரம்மா முன்னால கிளாஸப் புடிச்சுக் காட்டுங்க. அப்பறம் கம்பெனிக்குப் போங்க.”

சொன்னால் மாற்ற மாட்டாள். ஆகவே மறுபடியும் வீதி முனைக்குப் போனோம். சரசு அதே மாம்பழக் கலர் சேலை. டாக்டரம்மா எழுந்து வந்து என் தலைப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். “அம்மா, அந்தப் பாட்டில எடுங்க. பாக்கி சொட்டு இருக்குது.”

“தலைவலியே இல்லாதவருக்கு நொச்சி எதுக்குங்க?” என்று சிரித்தார். ஆனாலும் எடுத்தார். கிளாஸில் இந்தத் தடவை விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். “இடது கையில புடிங்க. சொட்டு நான் உடறேன். நீங்க கண்ண மூடிட்டு எண்ணுங்க.”

கண்ணை மூடினேன். இந்தத் தடவை தெனாவெட்டு எதுவும் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவில்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நொச்சி வாசம் மெல்ல மூக்கில் ஏறியது. சொட்டு விழுகிற சத்தம் கேட்காது, அவர் “உம்” என்று சொல்ல நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. கை எங்கே இருக்கிறது? தெரியவில்லை. போனதடவையும் நேராக இருப்பதாகத்தானே நினைத்தேன்! ஐந்து. ஆறு. ஏழு என்றபோது சரசு கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. எட்டு. ஒன்பது. பத்து.

“தெறந்து பாருங்க” என்றார் டாக்டரம்மா.

கை வைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் விளிம்பில் அசையாமல் நின்றது. அதற்குக் கீழே, ஒரு அங்குல இடைவெளி விட்டு, சரசுவின் இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து விரிந்திருந்தன. ஒன்றிலிருந்து பத்துவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் கையைத் தொடவே இல்லை. அவள் கையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. கண்ணில்தான் இருந்தது.

“என்ன புள்ள இது?” என்றேன்.

“மறுபடியும் சேலைய நனைச்சுருவீங்களோன்னுதான்” என்றாள். “சரி, நாளைக்குக் கம்பெனிக்குப் போங்க.”